பக்தாத் வழியே வந்த அம்மைப்பால்

காஞ்சியை அடுத்த ஐயம்பேட்டை போன்ற நெசவூர்களில் தறியும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. பெரியம்மை அங்கே நுழைந்தால், நோயாளியின் மூச்சுத் துளியும் படுக்கைத் துணியுமே அதைப் பரப்பப் போதுமாயிருந்தன. ஆனால் பிழைத்தவரை அது மறுமுறை தீண்டுவது அரிது.

இதற்குக் காரணம் தேடியவர், பக்தாத் மருத்துவமனையின் தலைவராய் விளங்கி 925-இல் மறைந்ததாகக் கருதப்படும் அர்ராஸீ. பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்துக் காட்டிய தம் நூலில், இளங்குருதி பொங்கித் தெளிவதே காரணம் என்றார் அப்பெருமகனார். அவ்விளக்கம் நிலைக்கவில்லை, எனினும் கேட்டதே பெரிதென்போம். கிருமியோடு ஒருமுறை பொருதிய வெள்ளணுக்களுள் சில அதன் அடையாளத்தை நினைவில் காத்து, அது மீண்டும் வந்தால் எதிர்ப்பொருளை விரைந்து சுரக்கின்றன என்பதை இன்று அறிவோம். பசு அம்மை பெரியம்மையின் உறவு. எனவே அதைக் குத்தியே அந்நினைவை ஊட்டலாம் என 1796-இல் ஜென்னர் காட்டினார்.

வெள்ளையர் மருந்தென்று அஞ்சி இதை மறுத்தோர் நம்மவரிலும் இருந்தனர். ஆனால் இங்கிலாந்திலிருந்து நேரே கப்பலில் அனுப்பிய அம்மைப்பால் வழிவெப்பத்தில் வீரியமிழந்தது. வியன்னாவிலிருந்து பக்தாதுக்கும், அங்கிருந்து பஸராவுக்கும் சென்று, கைக்குக் கை மாற்றிக் காக்கப்பட்டதே 1802 ஜூனில் பம்பாயில் ஒரு மூன்று வயதுச் சிறுமியின் கையில் பலித்தது. சென்னைக்கும் அது அவ்வாண்டே வந்து சேர்ந்தது.

இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-இல் காணப்பட்டார். 1980-இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஐயம்பேட்டை முதியோர் கைகளில் அந்த வட்டத் தழும்பு இன்னும் இருக்கிறது. பேரப்பிள்ளைகளிடம் இருப்பது காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு.