கடைசி இலக்கத்தின் கதை



நம் ஆதார் எண்ணில் பன்னிரண்டு இலக்கங்கள். அதில் நமக்கென்று ஒதுக்கியது பதினொன்றுதான். பன்னிரண்டாவது, முன்னால் நிற்கும் பதினொன்றுக்கும் காவல்காரன். அந்தக் காவல்காரன் வந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போமா?

எண்களை எழுதும்போது நாம் செய்யும் பிழைகள் பெரும்பாலும் இரண்டே வகை. 7 போட வேண்டிய இடத்தில் 1 போடுவது ஒன்று. 34-ஐ 43 என்று மாற்றிப் போடுவது இன்னொன்று. இதைக் கண்டுபிடிக்க ஐ.பி.எம். பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் ஒரு சிறு கருவியை வடிவமைத்து, 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1960-ல் கிடைத்தது. கிரெடிட் கார்டு எண்களில் இன்றும் இருப்பது அவர் முறைதான். ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு: 09 என்பது 90 ஆகப் புரண்டால் அதற்குத் தெரியாது.

நம்மவர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில் வேறு வழி. அங்கே அடையாள எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து. ஏழு இலக்கங்களை வரிசையாக 2, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். 1234567 என்றால் கூட்டுத்தொகை 106, மீதி 7. 'எஸ்' வரிசையில் அதற்குரிய எழுத்து 'டி'. 3-ம் 4-ம் இடம் மாறிவிட்டால் 107, மீதி 8, எழுத்து 'சி'. பிழை அங்கேயே மாட்டிக்கொள்ளும்! மீதி 0 முதல் 10 வரை பதினொரு விதமாக வரலாம். பத்து இலக்கங்கள் போதாது. அதனால்தான் எழுத்து.

எழுத்தே இல்லாமல், பத்து இலக்கங்களைக் கொண்டே இவ்விரு பிழைகளையும் முழுதாகப் பிடிக்க முடியுமா? முடியும் என்று 1969-ல் காட்டினார் நெதர்லாந்துக் கணித அறிஞர் யாக்கோபஸ் வெர்ஹூஃப். ஓர் ஐங்கோணத்தைச் சுழற்றியும் புரட்டியும் பார்த்தால் பத்து நிலைகள் கிடைக்கும். சுழற்றிவிட்டுப் புரட்டுவது வேறு, புரட்டிவிட்டுச் சுழற்றுவது வேறு. வரிசை மாறினால் விடை மாறும் இந்தக் குணத்தைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். 2010 செப்டம்பர் 29-ல் மகாராஷ்டிரத்தின் டெம்பிலி கிராமத்தில் முதல் ஆதார் எண்கள் வழங்கப்பட்டன. அவற்றின் கடைசி இலக்கம் வெர்ஹூஃப் கணக்குப்படி வந்ததுதான்.

இதெல்லாம் நமக்கு எதற்குங்க என்று கேட்கலாம். பெருந்துறை சிப்காட்டில் வேலைக்குச் சேரும் ஒருவரின் எண்ணில் ஓர் இலக்கம் தவறினால், அவர் வருங்கால வைப்பு நிதிக்கு அலைய வேண்டிவரும். அவரை அலையவிடாமல் தட்டச்சு செய்யும் இடத்திலேயே தடுப்பது இந்தச் சின்னக் கணக்கு.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கணக்கு சரி என்றால் எண் பெரும்பாலும் சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். அந்த எண்ணுக்கு ஆள் உண்டா, எதிரில் நிற்பவர்தான் அவரா என்பதை அது சொல்லாது. கணக்கு தவறு என்றாலும் அந்த ஆள் பொய்க்காரர் ஆகிவிட மாட்டார். தட்டச்சு செய்தவரின் விரல் தவறியிருக்கும், அவ்வளவுதான்.

நாளை இத்தகைய மென்பொருள் எழுதப்போகும் தம்பி தங்கைகளே, திரையில் 'செல்லாது' என்று போடாதீர்கள். 'எண்ணை மீண்டும் ஒருமுறை பாருங்கள்' என்று போடுங்கள். வரிசையில் நிற்பவர் நம் ஊர்க்காரராகவும் இருக்கலாம், பிழைக்க வந்தவராகவும் இருக்கலாம். மரியாதை இருவருக்கும் ஒன்றுதானுங்களே!