பெரட்டில் 23 பேர்: வில்சன் தேற்றமும் பிள்ளையின் வினாவும்

1ஐவிடப் பெரிய ஓர் எண்ணுக்கு முந்தைய எண்களையெல்லாம் பெருக்கி 1 கூட்டுங்கள். வரும் தொகை அந்த எண்ணால் மீதியின்றி வகுபட்டால் அது பகா எண். இல்லையேல் பகு எண். இது வில்சன் தேற்றம். பெரிய எண்களைச் சோதிக்க இது உதவாது என்று பாடநூல்கள் அடுத்த வரியிலேயே எழுதிவிடும். உண்மைதான். ஆனால் அதைச் சொல்லித் தேற்றத்தையே மூட்டை கட்டுவது பிழை என்பது என் வாதம்.

நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் காலைப் பெரட்டை, அதாவது தொழிலாளர் அணிவகுத்து வருகை சொல்வதை, நினைத்துக்கொள்வோம். (பகா எண்ணுக்குப் பொருத்தமான ஊர்!) 23 பேர் வந்திருக்கிறார்கள். மேற்பார்வையாளரான தண்டல் எப்படி நிறுத்தினாலும் சமமான பல வரிசைகள் அமையா, ஒரே வரிசைதான். பகா எண் என்பது கண்ணுக்குத் தெரிவது அவ்வளவே. உள்ளே நடப்பதைக் காண, 23க்கு முந்தைய எண்களாக, ஒரு நிரையில் 22 பால்மரங்களுக்கு 1 முதல் எண் இடுவோம். 2-12, 3-8, 4-6 ஆகிய ஜோடிகளின் பெருக்கல் 24. 5-14, 7-10 ஜோடிகளுக்கு 70. எதை 23ஆல் வகுத்தாலும் மீதி 1. இப்படி 2 முதல் 21 வரை எல்லா மரத்துக்கும் துணை உண்டு. 1உம் 22உம் மட்டும் தனி. ஆகவே 22!இன் (1 முதல் 22 வரை எல்லாவற்றின் பெருக்கலின்) மீதி 22. இன்னும் 1 சேர்த்தால் வகுபட்டுவிடும்.

இனி 14ஆம் மரத்தோடு நின்றுவிடுவோம். மேற்சொன்ன ஐந்து ஜோடிகளும் உள்ளே அடங்கும். 9, 11, 13 ஆகியவற்றின் துணைகள் மட்டும் அப்பால் நிற்கின்றன. 9×11×13 = 1287; 23×56 = 1288. ஒன்றுதான் குறைவு! எனவே 14!+1உம் 23ஆல் வகுபடுகிறது. 

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்த கணித அறிஞர் எஸ்.எஸ். பிள்ளையின் வினா இவ்விடத்தில் பிறக்கிறது: ந!+1ஐ வகுக்கும் பகா எண்ணில் 1 கழித்தால், எஞ்சியது ‘ந’வால் வகுபட்டே ஆக வேண்டுமா? 22ஐ 14 வகுக்காது. ஆகவே விடை, வேண்டியதில்லை. இப்படி மறுப்பவையே பிள்ளை பகா எண்கள். 23 அவற்றுள் மிகச் சிறியது. அடுத்தவை 29, 59, 61. இவை முடிவின்றித் தொடர்வன என்பதும் நிறுவப்பட்டுவிட்டது.

பெரிய எண்களைச் சோதிக்க வேறு முறைகள் உண்டு. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சென் பகா எண், 2இன் 136,279,841ஆம் அடுக்கில் 1 குறைந்தது, 41,024,320 இலக்கம். அதை உறுதிசெய்த லூக்கா-லேமர் சோதனை 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் எடுத்துக்கொண்டே போகும். 31க்கு: 4, 14, 8, 0. முடிவில் பூச்சியம் வந்தால் பகா எண். எண்ணோடு 1 கூட்டினால் 2இன் அடுக்கு கிடைப்பதால்தான் இந்தக் குறுக்குவழி. கான்பூரில் 2002இல் அகர்வால், கயால், சக்சேனா கண்ட முறை எந்த எண்ணுக்கும் செல்லும். ஆனால் இத்தகைய மலை எண்களுக்கு அது மிக மெதுவானது. இச்சோதனைகள் ஆம், இல்லை என்று மட்டுமே விடை சொல்லும்.

வில்சனோ உள்ளமைப்பைக் காட்டுகிறது. அதே நிரையின் கடைசி நான்கு மரங்களைப் பாருங்கள்: 19×20×21×22 = 175,560; 23ஆல் வகுத்தால் மீதி 1. அவற்றை வெட்டி நீக்கினாலும் பெருக்கலின் மீதி மாறாது. ஆகவே 18!+1உம் வகுபடும், 22ஐ 18உம் வகுக்காது.