காயல்னா என்ன? மண்ணுக்குள்ள போன மூணு துறைமுகங்கள்

ஆலப்புழைக்குப் போய் ஹவுஸ்போட் எடுத்து, ராத்திரி வேம்பநாட்டுக் காயல்ல நிறுத்தித் தூங்குறது நம்மில் பலருக்கும் கனவு. அந்தக் 'காயல்' நம்ம ஊர்லயும் இருக்கு. பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம்னு தாமிரபரணி கடலைத் தொடுற பக்கமெல்லாம் அதே பேர்தான். காயல்னா உப்பங்கழி. ஆறும் கடலும் கலக்குற, அலை அடங்கின தண்ணி.

பாய்மரக் காலத்துல இது பெரிய விஷயம். திறந்த கடல்ல ராத்திரி நங்கூரம் போட்டா, காத்து திரும்பினதும் ஆபத்து. ஆத்து வாய்க்குள்ள வந்துட்டா அலையிலிருந்து பாதுகாப்பு, பக்கத்துலயே குடிதண்ணி. அதனாலதான் பாண்டியர்களோட முத்துத் துறைமுகமான கொற்கை ஆத்து முகத்துல இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், இங்க தண்டனைக் கைதிகள் முத்துக் குளிச்சதாச் சொல்லுது. சொகுசுப் பயணம் இல்லைங்க, உயிரைப் பணயம் வச்ச வேலை.

ஆனா ஆறு சும்மா இருக்குமா? பொதிகையிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து வாய்ல கொட்டிக்கிட்டே இருந்தது. துறை மேடாச்சு, கடல் விலகிப் போச்சு. கொற்கை இன்னிக்குக் கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ள இருக்கு.

அடுத்தது காயல், அதாவது இன்றைய பழையகாயல். 13ஆம் நூற்றாண்டு முடியுற சமயத்துல மார்க்கோ போலோ பார்த்து எழுதின துறைமுகம் இது. ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகள் வந்து இறங்கின ஊர். 1870கள்ல பிஷப் கால்டுவெல் இங்க தேடினப்போ சீன, அரபு மண்பாண்டச் சில்லுகள் கிடைச்சது. இந்தத் துறையையும் வண்டல் மூடிடுச்சு.

மூணாவது புன்னைக்காயல். போர்ச்சுக்கீசியர் காலத்து ஊர். 1586ல அண்டிரிக் அடிகளாரோட 'அடியார் வரலாறு' தமிழ்ல அச்சானது இங்கதான். அதுக்கப்புறம் வணிகம் தூத்துக்குடிக்கு நகர்ந்தது. அங்க ஆத்து வாயே கிடையாது. கடலும் ஆழம் குறைவு. 19ஆம் நூற்றாண்டுல நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரம் போடும். தோணிகள்தான் சரக்கை ஏத்தி இறக்கும். பெரிய கப்பல் உள்ள வர்ற துறைமுகத்துக்கு 1974 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

துறை தூர்ந்தா மூடுறது வெறும் படகுத்துறை இல்லை. குதிரை வியாபாரி, மாலுமி, சுமை தூக்குறவர்னு ஒரு ஊரே பொழப்பைத் தேடிக் கிளம்பணும். ஆனா கணக்குல இன்னொரு பக்கமும் இருக்கு. துறைமுகங்களை மூடின அதே வண்டல்தான் இன்னிக்குக் கொற்கையைச் சுத்தி நெல்லும் வாழையும் விளையுற நிலம். மாலுமிக்கு நஷ்டம், விவசாயிக்கு லாபம்.

அடுத்த தடவை ஏரல் பக்கம் போனா, வாழைத் தோட்டத்து நடுவுல ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. உங்க காலுக்குக் கீழ ஒரு காலத்துல கப்பல் நின்ன தண்ணி இருந்திருக்கலாம்.