பத்து லட்சம் கன்னும், பார்க்கிங் அடியில ஒரு தண்ணித் தொட்டியும்

மக்களே, இந்த வாட்டி சினிமாவும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. மரம் நடுறவங்களைப் பத்தின பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

எல்லாத்துக்கும் ஆரம்பம் ஒரு எக்செல் ஃபைல். முந்தின வருஷம் சுற்றுச்சூழல் தினத்தன்னிக்கு எங்க ஆபீஸ்ல மரக்கன்னு நட்டாங்க. இருநூறு கன்னு, இருநூறு டிஷர்ட், ஒரு ட்ரோன் கேமரா. கணக்கு எழுதுற வேலை என் தலையில விழுந்துச்சு. எண், வகை, நட்டவர் பேர், நட்ட இடம், எல்லாத்துக்கும் ஒரு காலம் வச்சேன். கலர் எல்லாம் குடுத்து அழகா அனுப்பி, பாராட்டு மெயில் கூட வாங்கினேன். நாலு மாசம் கழிச்சு மதியம் சாப்பிட்டுட்டு காம்பவுண்டைச் சுத்தி நடந்தப்ப சும்மா எண்ணிப் பார்த்தேன். இருபத்தி மூணு. மத்த இடத்துல எல்லாம் காஞ்ச குச்சியும் பேர்ப்பலகையும்தான். என் எக்செல்ல 'உயிரோட இருக்கா'ன்னு ஒரு காலமே கிடையாது. அது எனக்குத் தோணவே இல்லை. அதான் உறுத்தல்.

போன வருஷம் ப்ராஜெக்ட் விஷயமா மூணு மாசம் லாஸ் ஏஞ்சலஸ் போக வேண்டி வந்தது. அங்க 'ட்ரீபீப்பிள்'னு ஒரு அமைப்பு. அம்பது வருஷத்துக்கும் மேலா மரம் நட்டுக்கிட்டு இருக்காங்க. அதை நடத்தினவங்க கதையைத் தோண்ட ஆரம்பிச்சதும், என் எக்செல் கதை அங்கயும் வேற ரூபத்துல நடந்திருக்குன்னு தெரிஞ்சது.

வருஷம் 1970. ஆண்டி லிப்கிஸ்ங்கற 15 வயசுப் பையன் கோடை முகாமுக்காக சான் பெர்னார்டினோ மலைக்குப் போறான். லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே இருக்கற மலை அது. அங்க பைன் மரங்கள் மஞ்சளாகி செத்துக்கிட்டு இருந்துச்சு. காரணம் கீழே இருந்த நகரம். கார்கள் விடுற புகை வெயில்ல வெந்து ஓசோனா மாறும். கடல்காத்து அதை அப்படியே மலைக்குத் தள்ளிக்கிட்டு வரும். ஊசி இலைக்குள்ள ஓசோன் புகுந்தா மரத்துக்கு சமைக்கிற சக்தி போயிடும். மெலிஞ்சு போன மரத்தைப் பட்டை வண்டு வந்து முடிச்சு வச்சிடும். இப்படியே போனா கொஞ்ச வருஷத்துல காடே இருக்காதுன்னு வன அலுவலர்கள் சொல்ல, முகாம் பசங்க சேர்ந்து ஒரு பழைய பார்க்கிங் தரையைப் பேத்து எடுத்துட்டு, புகையைத் தாங்குற மரவகைகளை நட்டிருக்காங்க.

முகாம் முடிஞ்சா நாமெல்லாம் என்ன பண்ணுவோம்? போட்டோவைப் பார்த்துக்கிட்டு இருப்போம். இவர் விடலை. 1973ல கல்லூரியில படிச்சுக்கிட்டே, மத்த முகாம்களையும் சேர்த்து இருபதாயிரம் கன்னு நடலாம்னு கிளம்பினார். மாநில வனத்துறை நர்சரியில கன்னு இருந்துச்சு, கையில காசு இல்லை. மிஞ்சின கன்னை இலவசமாத் தர சட்டத்துல இடம் இல்லையாம், ஆனா உழுது மண்ணோட புதைக்க இடம் இருக்காம்! நம்ம ஊரு அரசு அலுவலகம்தான் இப்படின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஆளு உடனே லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகைக்குப் போன் போட்டார். விஷயம் மேலிடம் வரைக்கும் போய், உழவை நிறுத்தினாங்க. அதுக்குள்ள பாதிக்கு மேல மண்ணாகி, மிஞ்சினது எட்டாயிரம் கன்னு. பேப்பர்ல கதை வந்ததும் ஜனங்க சில்லறை சில்லறையா அனுப்பிச்ச காசு சுமார் பத்தாயிரம் டாலர் சேர்ந்துச்சு. அமைப்புக்கு வச்ச பேரு வேற ஏதோ நீளமா இருந்துச்சு. முகாம் குழந்தைங்க 'மரக்காரங்க'ன்னு கூப்பிட, அந்தப் பேருதான் நின்னுச்சு.

1977ல மல்ஹாலண்ட் சாலையில, கோல்ட்வாட்டர் கேன்யன் பூங்காவுல, யாரும் பயன்படுத்தாம கிடந்த ஒரு பழைய தீயணைப்பு நிலையத்தை எடுத்து ஆபீஸ் ஆக்கிக்கிட்டாங்க. இன்னிக்கும் அதே மலைதான்.

அடுத்தது பெரிய கதை. 1981ல நகர நிர்வாகத்தோட ஒரு கணக்கு வந்துச்சு. காத்து சுத்தமாகணும்னா பத்து லட்சம் மரம் நடலாம், ஆனா 20 வருஷமும் 20 கோடி டாலரும் ஆகும். லிப்கிஸும் அவர் மனைவி கேட்டும் (ஆஸ்திரேலியாக்காரர், அமைப்பை நடத்தினதுல சரிபாதி) இதைப் பார்த்துட்டு, 1984 ஒலிம்பிக்ஸுக்குள்ள ஜனங்களை வச்சே நட்டுக் காட்டறோம்னாங்க. மூணு வருஷம். பள்ளிக்கூடம், வீட்டுத் தோட்டம், மலைச்சரிவு, ஒரு இடம் விடலை. ஒலிம்பிக்ஸ் தொடங்க சில நாள் இருக்கும்போது பத்தாவது லட்சத்தை எட்டிட்டோம்னு அறிவிச்சாங்க.

ட்ரோன் கேமரா மட்டும்தான் இல்லை, மத்தபடி எங்க ஆபீஸ் விழா மாதிரியே தெரியுதா? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா லிப்கிஸை எனக்குப் பிடிச்சுப் போனது இதுக்கப்புறம்தான். பத்து லட்சம்னு பேர் வாங்கினவர், அடுத்து 'இருபது லட்சம்'னு கிளம்பலை. நட்டா போதுமா, யாரு பார்த்துக்குவாங்க, தண்ணி எங்கேருந்து வரும்னு யோசிக்க ஆரம்பிச்சார். தெருவுல குடியிருக்கறவங்களுக்கே பயிற்சி குடுத்து, அவங்களே முடிவெடுத்து, அவங்களே நட்டு வளர்க்கிற மாதிரி மாத்தினாங்க. 1990 ஜனவரியில மார்ட்டின் லூதர் கிங் பேர்ல இருக்கற ஏழு மைல் சாலை முழுக்க ஆயிரக்கணக்கான பேர் ஒரே நாள்ல மரம் நட்டது அப்படித்தான்.

இந்தப் பாடத்தை நகரம் கத்துக்கலைங்கறது தனி சோகம். 2006ல மேயர் வில்லரைகோசா அதே பத்து லட்சத்தை அரசுத் திட்டமா அறிவிச்சார். 2013ல அவர் பதவி முடியும்போது சுமார் நாலு லட்சம்தான் ஆகியிருந்துச்சு. அதுலயும் நிறைய வீட்டுக்குக் கொடுத்தனுப்பின கன்னுங்க. குடுத்ததைத்தான் எண்ண முடியும், வளர்ந்ததை எப்படி எண்ணுறது? என் எக்செல் ஞாபகம் வந்துச்சு, வேற என்ன :-)

இப்ப தண்ணிக்கு வரேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். லாஸ் ஏஞ்சலஸ்ல வருஷத்துக்குப் பெய்யற மழை சுமார் 14 அங்குலம். சென்னையில அதைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்கு. 1913ல மல்ஹாலண்ட்ங்கற இன்ஜினியர் ஓவன்ஸ் பள்ளத்தாக்குல இருந்து 233 மைல் கால்வாய் வெட்டித் தண்ணி கொண்டு வந்தார் (ஆமா, அந்தச் சாலைக்குப் பேர் இவருதுதான்). 1938 வெள்ளத்துக்கப்புறம் ஆத்தையே கான்கிரீட் வாய்க்காலா மாத்திட்டாங்க. ஆக, ஒரு பக்கம் கோடிக்கணக்குல செலவு பண்ணித் தண்ணியைக் கொண்டு வரணும். இன்னொரு பக்கம் கோடிக்கணக்குல செலவு பண்ணிப் பெய்யற மழையைக் கடலுக்கு விரட்டணும். ரெண்டும் வேற வேற துறை. ஒருத்தர் பட்ஜெட்டை ஒருத்தர் பார்க்கறது கிடையாது. தொண்ணூறுகள்ல ஆத்துக் கரையை இன்னும் உசத்தற திட்டம் வந்தப்ப லிப்கிஸ் இதைத்தான் கேட்டார். மரம்ங்கறதே ஒரு தண்ணித் தொட்டிதானே? இலை மழையைத் தாங்கும், வேர் மண்ணைப் பொலபொலன்னு வச்சுக்கும், தண்ணி உள்ளே இறங்கும். அந்தப் பணத்துல பாதியை இதுல போடலாமேன்னார்.

இன்ஜினியர்கள் வாய்ப்பேச்சை நம்புவாங்களா? நாமளே நம்ப மாட்டோம், டெமோ கேப்போம். 1998ல தெற்கு லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு சாதாரண வீட்டை எடுத்து மாத்தினாங்க. கூரைத் தண்ணிக்குத் தொட்டி, புல்தரையைக் கொஞ்சம் பள்ளமாக்கி, கார் நிக்கற இடத்துக்குக் கீழே உறிஞ்சு குழி. அதிகாரிகளைக் கூப்பிட்டு நிக்க வச்சு, ஆயிரக்கணக்கான காலன் தண்ணியைச் சில நிமிஷத்துல வீட்டு மேல கொட்டினாங்க. தெருவுக்கு வரலை. மழைக்கு மழை முழுகிப் போற சன் வேலிங்கற பகுதியில பெரிய வடிகால் மட்டும் கட்டலாம்னு இருந்த மாவட்ட நிர்வாகம், அதை விட்டுட்டு மழையை அங்கங்கயே மண்ணுக்குள்ள இறக்கற திட்டத்துக்கு 2004ல மாறிச்சு.

இதைப் படிச்சப்ப 2003ல எங்க அப்பா வீட்டு முன்னாடி மழைநீர் சேகரிப்புக் குழி தோண்டினதுதான் ஞாபகம் வந்துச்சு. நான் அப்ப ஒண்ணாங்கிளாஸ், ஜல்லி அள்ளிப் போட்டேன். அரசு சொல்லிச்சு, தோண்டினோம். அந்த விஷயத்துல நாம முன்னாடி போயிட்டோம்.

ஒரு ஞாயித்துக்கிழமை அந்த மலைக்குப் போனேன். பார்க்கிங்ல நின்னு ஊரைப் பார்த்து நாலு போட்டோ எடுத்துட்டு இறங்கிட்டேன். ரூமுக்கு வந்து படிச்சப்பதான் தெரிஞ்சது, நான் நின்ன தரைக்கு அடியிலதான் 2,16,000 காலன் தொட்டி இருக்கு. நம்ம கணக்குல எட்டு லட்சம் லிட்டருக்கு மேல. அதுமேலயே நின்னு தண்ணி பாட்டில் வாங்கிக் குடிச்சேன்.

கதை லிப்கிஸோட முடியலை. 2016ல தலைமைப் பொறுப்புக்கு சிண்டி மொன்டான்யெஸ் வந்தாங்க. லிப்கிஸ் 2019ல ஓய்வு பெற்றார். ஆரம்பிச்சவர் தலைமையை இன்னொருத்தர் கையில குடுக்கறது நம்ம ஊர் சங்கங்கள்ல நடக்குதா, நீங்களே சொல்லுங்க. மொன்டான்யெஸ் மலைமேல இருக்கற லாஸ் ஏஞ்சலஸ் இல்லை, அடுத்த பக்கத்துப் பள்ளத்தாக்கு. மெக்சிகோவுல இருந்து வந்த குடும்பம், வளர்ந்தது சான் பெர்னான்டோ. 1993ல, 19 வயசுல, யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துல சிகானோ படிப்புக்குத் தனித் துறை வேணும்னு நடந்த 14 நாள் உண்ணாவிரதத்துல உட்கார்ந்தவங்க. கூடவே 16 வயசுத் தங்கச்சியும்! 25 வயசுல நகர மன்ற உறுப்பினர், அப்புறம் மேயர், 28ல மாநில சட்டசபை. அதுக்கப்புறம் நகரத்தோட தண்ணி - மின்சார வாரியத்துல பெரிய பதவி. லிப்கிஸ் வெளியில நின்னு தட்டிக்கிட்டு இருந்த கதவுக்குள்ள உட்கார்ந்து வந்தவங்க.

இவங்க தூக்கினது வேற கேள்வி: மரம் யார் தெருவுல இருக்கு? அந்த நகரத்து மரப் பரப்புல கிட்டத்தட்ட 20 சதவீதம் இருக்கற இடத்துல வெறும் 1 சதவீத ஜனங்கதான் குடியிருக்காங்க. 1930கள்ல வீட்டுக்கடன் குடுக்கறதுக்காக வரைஞ்ச வரைபடத்துல, கறுப்பரும் மெக்சிகரும் இருந்த பகுதிகளைச் சிவப்புல குறிச்சு ஒதுக்கினாங்க. இன்னிக்கும் அந்தப் பகுதிகள்ல வெயில் அதிகம், நிழல் கம்மி. இது எனக்குப் புள்ளிவிவரம் இல்லை. செப்டம்பர்ல அந்தப் பக்கத்துல பஸ்ஸுக்கு நிக்கறப்ப, நாங்க ஆறு பேர் ஒரு விளக்குக் கம்பத்தோட நிழல்ல வரிசையா நின்னோம். கம்பம் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். மொன்டான்யெஸ் காலத்துல அமைப்போட கவனம் அந்த மாதிரி தெருக்கள் பக்கம் போச்சு.

2023 அக்டோபர் 21ல புற்றுநோயால இறந்துட்டாங்க. வயசு 49. அந்த வருஷம் அவங்க இருக்கும்போதே சான் பெர்னான்டோவுல பகொய்மா வாய்க்காலை ஒட்டின பூங்காவுக்கு அவங்க பேரை வச்சாங்க. ஊருக்குக் கிளம்பற வாரம் போய்ப் பார்த்தேன். சின்னப் பூங்கா. பக்கத்துலயே கான்கிரீட் வாய்க்கால், சொட்டுத் தண்ணி இல்லை. ஒரு தாத்தா பேரனுக்கு சைக்கிள் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தார்.

திரும்பி வந்து அந்த எக்செல்ல ஒரு காலம் சேர்த்தேன். பராமரிப்பு ஆட்கள்கிட்ட கெஞ்சி, வாரம் ரெண்டு நாள் ஹோஸ் பைப் வாங்கியிருக்கேன். இருபத்தி மூணு இப்ப இருபத்தி ஒண்ணு. ரெண்டைப் பார்க்கிங் விரிவாக்கத்துக்கு எடுத்துட்டாங்க. பாக்கியில புங்கன்தான் நல்லா வருது, ஒண்ணு என் தோள் உசரம். உங்க ஆபீஸ்ல, காலேஜ்ல நட்டதுல எத்தனை நிக்குதுன்னு யாராவது எண்ணியிருந்தா பின்னூட்டத்துல எண்ணிக்கையைப் போடுங்க.