கட்டளைக்கு ஒரு தனிக் கம்பி

1978ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலிய வணிகர்கள் திருப்பூரைத் தேடி வரத் தொடங்கினர். அந்நாளில் ஒரு பனியன் கம்பெனியின் நினைவு முழுவதும் மர அலமாரியில் இருந்தது: அளவுப் பட்டியல், சாயமிட்ட மாதிரித் துணி, ஆர்டர் கடிதம், கணக்குப் புத்தகம். இன்று இவற்றுள் பெரும்பகுதி, பல வட்டுகளை அடுக்கிவைத்த சேமிப்பகம் என்னும் பெட்டிக்குள் போய்விட்டது. அலமாரியைத் திறக்க அதன் அருகே செல்ல வேண்டும். சேமிப்பகத்தைத் தொலைவிலிருந்தே திறக்கலாம். தொலைவிலிருந்தே அழிக்கவும் செய்யலாம்.

இப்பெட்டிக்கு வரும் செய்திகள் இருவகை. 'இந்த ஆர்டரைக் கொடு', 'இந்தப் படத்தை வைத்துக்கொள்' என்பவை ஒருவகை. 'இந்த வட்டைத் துடைத்துவிடு', 'கடவுச்சொல்லை மாற்று' என்பவை மற்றொரு வகை. முதலாவது சரக்கு, இரண்டாவது கட்டளை. இரண்டும் ஒரே கம்பியில் வரலாமா? இக்கேள்வி கணிப்பொறிக்கு முன்பே பிறந்தது.

நம் நாட்டுப் பழைய ஏரிகளை எண்ணிப் பாருங்கள். தூம்பின் அடைப்பைத் திறக்க ஆள் நீருக்குள் மூழ்க வேண்டும். வெள்ளம் பெருகிய நாளில்தான் மடையைத் திறக்கும் தேவை மிகுதி. அன்றுதான் மூழ்குவதும் ஆபத்து. பிற்காலத்து மதகில் திருகுத் தண்டும் சக்கரமும் வந்தபின், நீரைத் தொடாமலே நீரை ஆள முடிந்தது.

தொலைபேசியும் இதே பாடத்தைக் கற்றது, ஆனால் பெரும் விலை கொடுத்து. இந்தியாவில் சந்தாதாரர் தாமே வெளியூர் எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கியது. அமெரிக்காவில் அது முன்பே பரவியிருந்தது. அங்கே இணைப்பகங்கள் ஒன்றுக்கொன்று இடும் கட்டளைகள், மனிதர் பேசும் அதே கம்பியில், ஒலிகளாகவே சென்றன. 2600 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டால் 'இக்கம்பி இப்போது சும்மா இருக்கிறது' என்பது பொருள். ஒலி நின்றால் புது அழைப்பு வருகிறது என்று பொருள்.

அந்த ஒலியைப் பேசுபவரே எழுப்பினால்? சோள உணவுப் பொட்டலம் ஒன்றில் சிறுவர்களுக்கு இலவசமாக வந்த ஊதல் ஏறக்குறைய அதே ஒலியைத் தந்தது. கட்டணமில்லாத எண் ஒன்றை அழைத்து ஊதினால், தொலைவிலுள்ள இணைப்பகம் அழைப்பு முடிந்ததென்று நம்பிக் கம்பியை விடுவிக்கும். ஊதல் நின்றதும் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். பிறகு 'நீலப்பெட்டி' என்னும் சிறு கருவியால் வேண்டிய எண்ணுக்குரிய ஒலிகளை அனுப்பி எங்கும் பேசலாம். கணக்கெழுதும் பொறியோ இன்னும் இலவச அழைப்பே நடக்கிறது என்றிருக்கும். இவ்வொலிகளின் விவரத்தைத் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்விதழே அச்சிட்டிருந்தது என்பது வேடிக்கை. 1971இல் எஸ்குயர் இதழில் வந்த கட்டுரையால் இது ஊரறிந்த செய்தியாயிற்று. பின்னாளில் ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கிய வாஸ்னியாக்கும் ஜாப்ஸும் அதைப் படித்து நீலப்பெட்டிகள் செய்து விற்றார்கள்.

ஊதல்களைப் பறிமுதல் செய்வதால் தீரக்கூடிய குறை அன்று இது. 1976இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் கட்டளைகளைப் பேச்சுக் கம்பியிலிருந்து எடுத்துத் தனித் தரவுக் கம்பியில் செலுத்தத் தொடங்கியது. அதே கருத்தில் அமைந்த ஏழாம் எண் முறையை 1980இல் பன்னாட்டுக் குழு நெறிப்படுத்தியது. பேசுபவர் எவ்வளவு ஊதினாலும் இனி அது வெறும் ஊதல்தான். இன்னொரு பயனும் கிட்டியது: எதிர்முனை வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தால், பேச்சுக் கம்பியைப் பிடிக்காமலே அதை அறிய முடிந்தது.

சேமிப்பகத்துக்கு வருவோம். 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்பகத்தில் 50 வட்டுகள் இருந்தன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். அதை ஆள்பவர் அதன் அருகிலேயே நின்றார். 1990களில் சேமிப்பகங்கள் வலையமைப்பில் இணைந்தபோது, பெரிய நிறுவனங்களுக்கான பெட்டிகளில் மேலாண்மைக்கென்றே தனித் துளை ஒன்று வைக்கப்பட்டது. தரவு ஒரு வழி, கட்டளை மறு வழி.

வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் விற்ற பெட்டிகளில் பெரும்பாலும் ஒரே துளைதான். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' பெட்டிகள் உலகெங்கும் தாமே வெறுமையாயின. இணையத்திலிருந்து எவரோ 'தொழிற்சாலை நிலைக்குத் திரும்பு' என்று கட்டளையிட்டிருந்தனர். அக்கட்டளைக்குமுன் கடவுச்சொல் கேட்கும் வரிகளை நிரல் எழுதியோர் செயலிழக்கச் செய்திருந்தனர். ஊதலின் கதையே மறுபடியும் நடந்தது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த குடும்பப் படங்களை இழந்தவர்கள் பலர்.

தனிக் கம்பி இருந்தால் மட்டும் போதுமா? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் பராமரிப்புக் கட்டளை ஒன்று அதன் முதுகெலும்பு வலையமைப்பையே அறுத்தது. அந்நேரம் மாற்று மேலாண்மை வழியும் இயங்கவில்லை. பொறியாளர்கள் நேரில் சென்றனர். காவல் கடுமையான கட்டடங்களில் புகுந்து வேலை தொடங்கவே நேரமாயிற்று. சேவை மீள ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடித்தது. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் தொலைபேசி நிறுவனத்திலும் இதே கதை. அங்கே மேலாண்மை வலையமைப்பு முதன்மை வலையமைப்பையே நம்பியிருந்தது. ஒன்று விழுந்ததும் மற்றதும் விழுந்தது.

ஆகவே திருப்பூரில் சேமிப்பகம் வாங்கும் கம்பெனி அதன் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். மேலாண்மைத் துளை இருந்தால், அதிலிருந்து ஒரு சிறு ஸ்விட்ச்சுக்குத் தனிக் கம்பி செல்லட்டும். அந்த ஸ்விட்ச்சுக்கு இணையத் தொடர்பு வேண்டாம். பொறுப்பாளரின் கணிப்பொறி ஒன்று மட்டும் அதில் சேரட்டும். ஒரே ஸ்விட்ச்சை மென்பொருளால் இரண்டாகப் பிரிப்பதும் உண்டு. அது செலவு குறைந்தது, ஊதலைத் தடுக்கவும் உதவும். ஆனால் அந்த ஸ்விட்ச் பழுதானால் இரு வழியும் ஒன்றாக அடைபடும். தனி ஸ்விட்ச்சையே வாங்கியவர்கள், அதன் மின்செருகி எந்தப் பலகையில் மாட்டப்பட்டிருக்கிறது என்பதையும் குனிந்து பார்த்துவிடுவது நல்லது.