பகடை உருட்டினால் சூதாட்டமா? – ஒரு மேசை விளையாட்டின் வரலாறு



போன மாதம் வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் 'ஹெல்ஃபயர் கிளப்' என்று எழுதிய டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நின்றான். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். 2022-ல் வந்த அதன் நான்காவது சீசனில், பள்ளி மாணவர்கள் நடத்தும் ஒரு விளையாட்டு கிளப்பின் பெயர் அது. கதை நடப்பது 1986-ல். அந்த கிளப்பில் பிசாசு வழிபாடு நடக்கிறது என்று ஊரே கொதிக்கும். இதெல்லாம் சும்மா கற்பனை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, நிஜத்திலும் இப்படி நடந்திருக்கிறது.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. பிளஸ் ஒன் படிக்கும்போது நானும் நான்கு நண்பர்களும் இப்படி ஒரு கிளப் தொடங்க ஆசைப்பட்டு அனுமதி கேட்டோம். "பகடை உருட்டுற விளையாட்டா? சூதாட்டமெல்லாம் இங்க வேண்டாம்" என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் ஆச்சியும், "சகுனி வேலையெல்லாம் உனக்கு எதுக்கு மக்கா?" என்றாள். அமெரிக்காவில் பிசாசு என்று பயந்தார்கள், நம் ஊரில் சகுனி என்று பயப்படுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்!

சரி, விஷயத்துக்கு வருவோம். ரோல் பிளேயிங் கேம் என்றால் என்ன? நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் நடுவர். "நீங்கள் ஒரு கோட்டை வாசலில் நிற்கிறீர்கள். என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்பார். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அது நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள். பந்தயம் கிடையாது, காசு கிடையாது. பெரும்பாலும் ஜெயித்தவர் தோற்றவர் என்றுகூடக் கிடையாது.

இதன் வேரைத் தேடிப் போனால் அது நம் சதுரங்கத்தில் போய் நிற்கிறது. இந்தியாவில் பிறந்து, பாரசீகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போன அதே சதுரங்கம்தான். 1780-ல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர், தன் மாணவர்களுக்குப் போர்க்கலை சொல்லிக்கொடுக்க சதுரங்கத்தை மாற்றி அமைத்தார். பலகை பெரிதானது. மலை, ஆறு, ஊர் எல்லாம் கட்டங்களில் வந்தன. ஆக, இந்தக் கதையின் தொடக்கத்திலேயே ஒரு வாத்தியாரும் மாணவர்களும் இருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிரஷ்ய ராணுவம். 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, தன் தந்தை உருவாக்கிய விளையாட்டைத் திருத்தி 'கிரீக்ஸ்ஸ்பீல்' என்று வெளியிட்டார். போர் விளையாட்டு என்று அர்த்தம். கட்டங்கள் போய் நிஜமான வரைபடம் வந்தது. இரண்டு அணிக்கும் நடுவில் ஒரு நடுவர். எதிரி எங்கே இருக்கிறான் என்பது அவருக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். சேதம் எவ்வளவு என்பதைப் பகடை சொல்லும்.

ஆனால் விதிகள் ஏராளம். அட்டவணையைப் பார்த்துப் பார்த்தே பொழுது போய்விடும். அதனால் 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி துணிந்து ஒரு காரியம் செய்தார். பெரும்பாலான விதிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுபவமுள்ள நடுவரே முடிவு சொல்லட்டும் என்றார். என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் மிக முக்கியமான திருப்பம் இதுதான். விளையாட்டு புத்தகத்தை நம்பாமல் மனிதரை நம்ப ஆரம்பித்தது.

1880-ல் டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 'ஸ்ட்ராடகோஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். ஆட்டக்காரர் எதை வேண்டுமானாலும் முயலலாம், நடுவர் தீர்ப்பு சொல்வார் என்ற யோசனை அதில் இருந்தது. ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் கழித்து மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் கையில் அது சிக்கியது. 1969-ல் அவர் 'பிரான்ஸ்டைன்' என்ற கற்பனை ஊரை வைத்து ஒரு ஆட்டம் நடத்தினார். படைத் தளபதிகள் மட்டுமல்ல, ஊர் மேயர், வங்கிக்காரர் என்று ஆளுக்கொரு வேடம். எல்லோரும் மேசையை விட்டு எழுந்து மூலைக்கு மூலை ரகசியம் பேச ஆரம்பிக்க, ஆட்டம் சொதப்பிவிட்டது என்றே வெஸ்லி நினைத்தார். நண்பர்களோ இன்னொரு தடவை ஆடலாம் என்று நச்சரித்தார்கள்!

அந்த நண்பர்களில் ஒருவர் டேவ் ஆர்னிசன். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிட்டார்கள். மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட ஒரு பெட்டி. முதலில் அச்சடித்தது 1000 பிரதிகள்தான். அங்கிருந்து அது கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் பரவியது.

பிறகுதான் வம்பு. 1979-ல் மிச்சிகனில் 16 வயது கல்லூரி மாணவர் ஒருவர் காணாமல் போனார். விளையாட்டுதான் காரணம் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. ஒரு மாதம் கழித்து அவர் உயிரோடு கிடைத்தார். அவரை வாட்டியது மன அழுத்தமும் படிப்புச் சுமையும் என்பது பின்னால்தான் வெளியே வந்தது. ஆனால் பயம் அதற்குள் ஊன்றிவிட்டது. 1980-ல் யூட்டா மாநிலத்தின் ஹீபர் சிட்டியில், பள்ளி முடிந்தபின் மாணவர்களுக்காக நடந்த விளையாட்டு கிளப்பைப் பெற்றோர் எதிர்த்தார்கள். பிசாசு என்றார்கள், கம்யூனிசம் என்றுகூடச் சொன்னார்கள். கடைசியில் கிளப்பை மூடிவிட்டார்கள். 1980-கள் முழுக்க இந்தப் பீதி ஓடியது. விளையாட்டால் பிள்ளைகள் கெட்டார்கள் என்பதற்கு ஆதாரம் மட்டும் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

இதைப் படித்தபோது முதலில் எனக்கு அந்தப் பெற்றோர் மேல் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். பூட்டிய அறை, பகடை, பேய் படம் போட்ட புத்தகம். வெளியிலிருந்து பார்க்கிற அம்மா அப்பாவுக்கு வேறென்ன தோன்றும்? நடுவரை நம்பினால்தான் ஆட்டம் நடக்கும் என்பது போல, கிளப்பை நம்பினால்தான் ஊர் அதை நடக்க விடும். ஆனால் நம்பு நம்பு என்று கெஞ்சினால் நம்பிக்கை வராது. கதவைத் திறந்துதான் வைக்க வேண்டும்.

அதைத்தான் நாங்கள் செய்தோம். எங்கள் வீட்டு முன்னறையில், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆடினோம். இருபது பக்கப் பகடைக்கு எங்கே போவது? ஒன்றிலிருந்து இருபது வரை எழுதின சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினோம். சூது என்ற பேச்சுக்கும் இடமில்லாமல் போயிற்று. டிராகனும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். எங்கள் கதைக்களம் 1741, குளச்சல். டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா படை தோற்கடித்த அதே குளச்சல் போர். ஒருவன் திருவிதாங்கூர் ஒற்றன், ஒருவன் மிளகு வியாபாரி, ஒருவன் டச்சுத் தளபதி டிலனாய், ஒருவன் மீனவன். நடுவர் நான்.

மீனவனாக இருந்தவன் திடீரென்று கேட்டான்: "நாங்க எல்லாரும் துடுப்பைத் தோள்ல வச்சு வரிசையா நின்னா, கப்பல்ல இருக்கிறவனுக்குத் துப்பாக்கி மாதிரி தெரியாதா?"

எந்த விதியிலும் இதற்குப் பதில் இல்லை. பன்னிரண்டுக்கு மேல் வந்தால் டச்சுக்காரன் ஏமாந்தான் என்றேன். சீட்டு எடுத்தான். பதினைந்து! அறையே அதிர்ந்தது.

அதுவரை உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆச்சி நிலைப்படிக்கு வந்து நின்றாள். "அது உள்ளதுதான் மக்கா. குளச்சல்காரங்க அப்படித்தான் நின்னாங்கன்னு எங்க அப்பா சொல்லுவாங்க" என்றாள். அப்படி ஒரு செவிவழிக் கதை இருப்பது எங்கள் ஐந்து பேரில் ஒருவனுக்கும் தெரியாது.

அதன்பிறகு சகுனி பேச்சே எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு, "டிலனாய் என்ன ஆனான்?" என்று அவளே கேட்டாள். சரணடைந்து, பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து, 1777-ல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார் என்று வரலாறு சொல்கிறது. எங்கள் ஆட்டத்தில் என்ன ஆவார் என்று இன்னும் முடிவாகவில்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கதை கண்டிப்பாக இருக்கும். நான்கு பேரைச் சேருங்கள், பிஸ்கட் டின் ஒன்றைத் தேடுங்கள். கதவை மட்டும் சாத்தாதீர்கள்!