உடல் மறவாத பகைவன்

காலில் முள் தைத்துப் புண் சீழ் கொண்டால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பதை நம் நாட்டில் அறியாதவர் இலர். புண் ஓரிடத்தில் இருக்க, வீக்கம் வேறோரிடத்தில் தோன்றுவானேன் என்ற வினாவைப் பலர் எழுப்புவதில்லை. அந்த வினாவுக்குரிய விடையிலேதான், தொற்று நோயோடு மனித உடல் நடத்தும் போரின் வரலாறு அடங்கியிருக்கிறது. அப்போரின் ஒரு பெரும் அத்தியாயம், தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் மும்பை நகரிலே நிகழ்ந்தது. அதனை இங்குச் சுருக்கமாகக் கூறப் புகுவோம்.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அப்போது பம்பாய் எனப் பெயர் கொண்டிருந்த அந்நகரின் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி என்னும் நெருக்கமான பகுதியில், கடுஞ்சுரத்தோடு தொடையிடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டிச் சில நாட்களிலேயே மக்கள் மாண்டனர். அக்காசியோ வியேகாஸ் என்னும் மருத்துவர் இது பிளேக் என்று துணிந்து கூறினார். முதலில் நம்பத் தயங்கியோரும் விரைவில் நம்ப வேண்டியதாயிற்று. சில மாதங்களுக்குள் நகர மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வீடு வாசலைத் துறந்து வெளியேறினர். ஆலைகள் ஆளின்றி நின்றன. வெளியேறியவர்களோடு நோயும் ஊர் ஊராகப் பரவிற்று. பின்வந்த ஆண்டுகளில் இந்தியாவில் பிளேக்கினால் மாண்டவர் தொகை ஒரு கோடியைக் கடந்தது.

அரசாங்கம் 1897ஆம் ஆண்டில் தொற்று நோய்ச் சட்டத்தை இயற்றியது. வீடுகளுள் புகுந்து சோதனையிட்டார்கள், நோயுற்றோரை உறவினரிடமிருந்து பிரித்துக் கொண்டு சென்றார்கள், உடைமைகளை எரித்தார்கள். மக்கள் நோய்க்கு அஞ்சியதைவிட அதிகாரிகளுக்கு அஞ்சினார்கள் என்று கூறினும் மிகையாகாது. புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சுடப்பட்டதும் இந்த மனக்கசப்பின் விளைவே. இத்தனைக்கும் நோயைப் பரப்புவது எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி என்ற உண்மை அப்போது அறியப்படவில்லை. அதனைப் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1898இல் கராச்சியிலே கண்டறிந்தார். ஆகவே, 1896இல் கையில் இருந்த அறிவு ஒன்றே ஒன்றுதான்: நோயை உண்டாக்கும் கிருமி இன்னதென்பது. அக்கிருமியை 1894இல் ஹாங்காங் நகரில் அலெக்சாந்தர் யெர்சின் கண்டிருந்தார்.

இந்த ஓர் அறிவை மட்டும் துணையாகக் கொண்டு, 1896 அக்டோபரில் கல்கத்தாவிலிருந்து பம்பாய் வந்தவர் வால்டெமார் ஹாஃப்கின். அவர் 1860இல் ஒதேசா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். பாரிஸ் நகரப் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியவர். காலராவுக்குத் தடுப்பூசி கண்டு, 1893 முதல் இந்திய ஊர்களில் அதனைப் போட்டு வந்தவர். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் அவருக்கு ஆய்வுக்கூடமாக அளிக்கப்பட்டன. உதவிக்கு ஓர் எழுத்தரும் மூன்று பணியாட்களுமே இருந்தனர்.

அவர் மேற்கொண்ட முறை வியப்பூட்டுவது. ஆட்டிறைச்சி கொண்டு ஆக்கிய சாற்றைக் குடுவைகளில் ஊற்றி, அதில் பிளேக் கிருமிகளை வளர்த்தார். பசு, பன்றி ஆகியவற்றின் ஊனை விலக்கியதற்கு இந்நாட்டு மக்களின் சமய உணர்ச்சியே காரணம். சாற்றின் மேல் சில துளி நெய்யை மிதக்க விட்டார். நெய்த்துளிகளைப் பற்றிக்கொண்டு கிருமிகள் விழுது விழுதாகக் கீழ் நோக்கி வளர்ந்தன. பிறகு குடுவையைச் சூடேற்றிக் கிருமிகளைக் கொன்று, கெடாதிருக்கக் கார்பாலிக் அமிலம் சேர்த்தார். இவ்வாறு கிடைத்த கலங்கலான நீரே பிளேக் தடுப்பு மருந்து.

1897 ஜனவரி 10ஆம் நாள் அம்மருந்தை ஹாஃப்கின் முதலில் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். சுரமும் வலியும் வந்து நீங்கின. அம்மாத இறுதியில் பைகுல்லாச் சிறைச்சாலையில் நோய் புகுந்தபோது, இசைந்த கைதிகளுக்கு மருந்து போடப்பட்டது. போட்டுக்கொள்ளாதவரிடையே நோயும் இறப்பும் மிகுந்திருக்க, போட்டுக்கொண்டவரிடையே அவை மிகக் குறைந்திருந்தன. மறு ஆண்டில், பரோடாவுக்கு அண்மையிலுள்ள உந்தேரா என்னும் சிற்றூரில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மட்டும் மருந்து போட்டுச் சோதித்தார்கள். ஒரே கூரையின் கீழ் ஒரே உணவை உண்டு வாழ்ந்தவரிடையே, மருந்தின் பயன் ஐயத்துக்கு இடமின்றி விளங்கிற்று. பம்பாயில் கோஜா சமூகத்தின் தலைவரான ஆகாகான், தம் மக்களின் அச்சத்தைப் போக்க அவர்கள் கண் முன்பாகவே ஊசி போட்டுக்கொண்டார். ஆணையினால் ஆகாதது இத்தகைய முன்மாதிரியினால் ஆயிற்று.

செத்த கிருமி, உயிருள்ள கிருமியிடமிருந்து மனிதனை எவ்வாறு காக்கிறது? ஹாஃப்கின் காலத்தில் இதற்கு முழு விடை இல்லை. அவருடைய ஆசிரியரான மெச்னிக்காவ், உடலிலுள்ள சில வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன என்றார். பெர்லினில் பேரிங்கும் கிதசாட்டோவும் 1890இல் ஆராய்ந்து, இரத்தத்தின் தெளிநீரிலேயே நஞ்சை முறிக்கும் எதிர்ப்பொருள்கள் உள்ளன என்றனர். அணுவா, தெளிநீரா என்று அறிஞர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். 1908ஆம் ஆண்டு நோபல் பரிசு மெச்னிக்காவுக்கும், தெளிநீர்க் கட்சியைச் சேர்ந்த பால் எர்லிக்குக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. இரு கட்சியும் மெய் என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று.

இன்று நாம் அறிவது இது. உடலுக்குக் காவல் இரண்டு அடுக்கு. முதல் அடுக்கு பிறவியிலேயே அமைந்தது. தோலும், விழுங்கணுக்களும் அதனைச் சேர்ந்தவை. வருபவன் யார் என்று நுணுகி ஆராயாமல், அயலான் என்ற அளவிலேயே அவை தாக்கும். இரண்டாம் அடுக்கு கற்றுத் தேர்வது. ஒவ்வொரு பகைவனையும் தனித்தனியே அடையாளம் கண்டு, அவனுக்கென்றே படை திரட்டி, அவனை நினைவில் வைத்துக்கொள்வது. இப்படை திரளும் இடமே நெறி கட்டும் அந்தக் கணு.

புண்ணில் புகுந்த கிருமியின் துணுக்குகளைச் சில அணுக்கள் சுமந்துகொண்டு நிணநீர்க் குழாய் வழியாக அருகிலுள்ள கணுவை அடைகின்றன. அங்கே எண்ணற்ற நிணநீரணுக்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் ஒவ்வொரு வகையான பற்றுறுப்பு உண்டு. பல பூட்டுக்களில் ஒரு சாவிக்கு ஒன்று பொருந்துவதுபோல், கொண்டுவரப்பட்ட துணுக்கு மிகச் சில அணுக்களுக்கே பொருந்தும். பொருந்திய அணு ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஆயிரக்கணக்கில் பெருகும். இந்தப் பெருக்கமே நெறியின் வீக்கத்துக்கு ஒரு முக்கிய காரணம். கிருமி வந்த பின்பு உடல் புதிய கருவியைச் செய்வதில்லை. ஏற்கெனவே உள்ள பல்லாயிரம் கருவிகளுள் பொருந்துவதைத் தேர்ந்து பெருக்குகிறது என்ற இக்கொள்கையை ஆஸ்திரேலிய அறிஞர் பர்னெட் 1957இல் விளக்கினார். இத்தனை வகைப் பற்றுறுப்புக்கள் எவ்வாறு உண்டாகின்றன என்ற புதிரை ஜப்பானியரான சுசுமு தொனெகாவா அவிழ்த்தார். சில மரபணுத் துண்டுகளையே மாற்றி மாற்றிக் கோப்பதால் இப்பன்மை விளைகிறது என்று அவர் காட்டி, 1987இல் நோபல் பரிசு பெற்றார்.

நிணநீரணுக்கள் இரு பெரும் வகுப்பின. எலும்பு மஜ்ஜையில் முதிர்பவை பி அணுக்கள். அவை பெருகி, எதிர்ப்பொருள்களை இரத்தத்தில் சொரிகின்றன. நெஞ்சுக்கூட்டினுள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் முதிர்பவை டி அணுக்கள். அவற்றுள் ஒரு சாரார் மற்ற அணுக்களை ஊக்குவிக்கின்றனர். மற்றொரு சாரார் கிருமி குடிகொண்ட உடலணுக்களைக் கண்டு அழிக்கின்றனர். தைமஸின் இப்பெரும் பணியை ஜாக் மில்லர் 1961இல் தெளிவாக்கினார்.

இனி, பிளேக் ஏன் அத்துணைக் கொடிதாயிற்று என்பது விளங்கும். முதன்முறை காணும் பகைவனுக்கு எதிராக இரண்டாம் அடுக்குப் படை போதிய அளவு திரள ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். பிளேக் கிருமியோ விழுங்கணுக்களுக்குத் தப்பும் வல்லமை உடையது. படை திரளவேண்டிய கணுவிலேயே புகுந்து பெருகுவது. படை அணிவகுக்கும் முன்பே பாசறை வீழ்ந்துவிடுகிறது. நோயாளி சில நாட்களில் இறக்கிறார். ஹாஃப்கின் மருந்து அளித்தது காலம் என்னும் பெரும்பொருளே. செத்த கிருமியைக் கொண்டு உடல் முன்கூட்டியே பயின்றுவிட்டது. எதிர்ப்பொருள்களும் நினைவணுக்களும் அணியமாயிருந்தன. எதிர்ப்பொருள் ஒட்டிய கிருமியை விழுங்கணுக்கள் எளிதில் பற்றி உண்டன. ஆசிரியரின் அணுவும் எதிர்க்கட்சியின் தெளிநீரும் மாணவரின் மருந்திலே கைகோத்துக்கொண்டன. எனினும் அம்மருந்து முழுக் காப்பளிக்கவில்லை. அதன் ஆற்றல் நெடுங்காலம் நிலைக்கவுமில்லை. இதனையும் மறைக்காமல் கூறவேண்டும்.

இந்தப் பயிற்சி அவ்வப் பகைவனுக்கே உரியது என்பதை ஒரு துயர நிகழ்ச்சி நினைவூட்டும். 1902 அக்டோபரில் பஞ்சாப் மாகாணத்து முல்கோவால் சிற்றூரில், ஒரே புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் வில்வாத நோயால் இறந்தனர். புட்டியில் அந்நோயின் கிருமி கலந்திருந்தது. பிளேக்கை எதிர்க்கக் கற்கும் உடல் வில்வாதத்தின் நஞ்சை அறியாது. பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது. அவர் பதவி இழந்தார். கலப்பு நேர்ந்தது ஆய்வுக்கூடத்திலன்று, ஊசி போட்ட இடத்திலேயே இருக்கலாம் என்பதைச் சான்றுகள் காட்டின. ரொனால்ட் ராஸ் முதலிய அறிஞர்கள் அவருக்காக வாதாடிய பின், 1907இல் அவர் குற்றமற்றவர் என ஏற்கப்பட்டது. 1899இல் பரேலுக்கு மாறியிருந்த அவரது ஆய்வுக்கூடம் 1925இல் ஹாஃப்கின் நிலையம் எனப் பெயர் பெற்றது. அவர் 1930இல் மறைந்தார்.

பிளேக் நகரத்தின் உருவத்தையும் மாற்றியது. நெருக்கமே நோய்க்கு இடம் தருகிறது என்று கருதி, 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் நிறுவப்பட்டது. அது வடக்கே தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் அகன்ற வீதிகளும் காற்றோட்டமுள்ள மனைகளும் வகுத்தது. அந்த மாதுங்காவிலேதான் பின்னர்த் தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறின. அங்கிருந்து செம்பூருக்கும் பரவின. அதே காலத்தில், தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலி முதலிய இடங்களிலிருந்து வந்த தமிழர் தாராவியின் சதுப்பு நிலத்தில் குடிசை அமைத்தனர். அகன்ற வீதி ஒருவருக்கும் ஒடுங்கிய சந்து மற்றொருவருக்குமாக நகரம் பிரிந்தது.

அப்பிரிவின் விளைவு 2020ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் கோவிட் நோயாளி அறியப்பட்டார். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் பல லட்சம் மக்கள் வாழும் இடத்தில் இடைவெளி விட்டு நிற்பது எங்ஙனம்? பொதுக் கழிப்பிடத்தையே நம்பி வாழ்வோர் வெளியே செல்லாதிருப்பது எங்ஙனம்? ஜூலை மாதத்தில் மும்பை மாநகராட்சியும், நிதி ஆயோக்கும், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, மாதுங்கா, செம்பூர், தஹிசர் வட்டாரங்களில் ஏறத்தாழ 7,000 பேரின் இரத்தத்தைச் சோதித்தன. குடிசைப் பகுதி மக்களில் 57 விழுக்காட்டினரிடமும், மற்றக் குடியிருப்புகளில் 16 விழுக்காட்டினரிடமும் எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. நோயென்றே அறியாமல் பலர் நோயைக் கடந்திருந்தனர். ஒரே வட்டாரத்தில், ஒரு சாலையின் இருபுறத்தில் வாழ்ந்தோரின் இரத்தமே இருவேறு வரலாறு கூறிற்று.

ஆகஸ்டில் மீண்டும் சோதித்தபோது குடிசைப் பகுதியின் எண் 45 விழுக்காடாக இருந்தது. சோதிக்கப்பட்டோர் வேறுவேறாக இருந்ததும் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் போர் முடிந்தபின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைவது இயல்பே என்பதையும் கருதவேண்டும். படை கலைந்தாலும் சில வீரர் ஊரிலேயே தங்குவதுபோல், நினைவணுக்கள் மஜ்ஜையிலும் கணுக்களிலும் தங்குகின்றன. பகைவன் திரும்பி வந்தால் முன்னினும் விரைவாகவும் வலிமையாகவும் அவை எழுகின்றன. ஆனால் பகைவன் உருமாறி வந்தால் நினைவு ஓரளவே பயன்படும். 2021இல் வந்த இரண்டாம் அலை இதனை நாட்டுக்கே உணர்த்திற்று.

உடலுக்கு இந்த நினைவு இரண்டு வழியாக வாய்க்கும். ஒன்று நோயுற்றுப் பிழைத்தல், மற்றொன்று தடுப்பூசி. முதல் வழியில் பிழைத்தோரின் இரத்தத்தையே நாம் எண்ணுகிறோம். பிழையாதோர் அக்கணக்கில் வருவதில்லை. ஆதலின் 57 என்ற எண்ணை வெற்றியெனக் கொண்டாடுதல் தகாது. அது குடிசை மக்கள் தம் உடம்பைப் பணயம் வைத்துச் செலுத்திய விலையின் கணக்கு. இரண்டாம் வழியில் விலையின் பெரும்பகுதியை அறிவு ஏற்றுக்கொள்கிறது. தாழ்வாரத்து ஆய்வுக்கூடத்தில் நெய்த்துளியின் கீழ் விழுதாக வளர்ந்த கிருமிகளைக் கொன்று ஹாஃப்கின் திறந்துவிட்டது அந்த வழியே. அவ்வழி அகன்ற வீதியில் வாழ்வோருக்கும் ஒடுங்கிய சந்தில் வாழ்வோருக்கும் ஒன்றுபோல் எட்டுமாறு செய்வது, அவர் காலத்திலும் நம் காலத்திலும் சமுதாயத்தின் கடமையாக நிற்கிறது.